முட்டை கெடக்கா?

பங்குனிக் கடைசியில் தடை வந்தது.
பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ்
ஓராண்டுக்குக் கூடாது.
ஆபீசர் வாளியைத் திறந்தார், மோந்தார், எழுதினார்.
குளச்சல் மணலில் குழி தோண்டி
நான்தான் ஊற்றி மூடினேன்.
ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கிண்ணத்தில் இருந்தது வேறு.
பூடு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய்.
அஜ்மானில் ஏழு வருஷம்
எனக்கு மேலாளாக நின்ற லெபனான்காரன் இல்யாஸ்
இதைத் தூம் என்பான்.
தூம் என்றால் அவன் பாஷையில் பூடு, அவ்வளவுதான்.
மீன்குழம்புக்கு மீன் என்றே பேர் வைத்த மாதிரி.

நிறம் ஒன்று. அதுதான் வம்பு.
"கிளீட்டஸு, இதுல முட்டை கெடக்கா?"
இல்ல.
"கெடந்தா சொல்லிருடே, பிள்ளைக்க வயிறு."
இல்லக்கா.
"பின்ன எப்பிடி இவ்ளவு வெளுப்பு?"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பின ஊர்
இப்போது
வெளுத்ததெல்லாம் முட்டை என்கிறது.

மேபல் டீச்சருக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு பார்சல்.
எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறவள்.
கோழி வேகக் காத்து நிற்கையில் சொன்னாள்:
மஹோன் என்று ஒரு துறைமுகமாம், ஸ்பெயின் பக்கத்துத் தீவில்.
பிரெஞ்சுப் படை பிடித்ததாம்.
வெற்றி விருந்துக்குப் பாலாடை கிடைக்கவில்லையாம்.
சமையல்காரன் முட்டையில் எண்ணெயை அடித்து
ஊர்ப் பேரை வைத்துவிட்டானாம்.

எல்லாத்துக்கும் ஒரு 'ஆம்' போட்டுக்க, என்றாள்.
அந்தத் தீவுக்காரன் கேட்டால் சண்டைக்கு வருவான்:
நாங்கள் பூடு இடித்துத் தின்றுகொண்டிருந்தோம்,
வந்தவன் பூட்டை எடுத்துவிட்டுப்
பேரை வைத்துக்கொண்டான் என்பான்.

இல்யாஸும் இதைத்தான் சொல்வான்,
பூடு நாறும் விரலை ஆட்டி ஆட்டி:
சரக்கு எங்களுடையது, அவன்கள் முட்டை போட்டுக் கெடுத்தான்கள்.
வெங்காயம் உரிக்கும் எகிப்துக்காரன் ஹானி தலைநிமிராமல் கேட்பான்,
பிரமிடு கட்டினவன் எதைத் தின்று கட்டினான்?
ஒருத்தன் கையிலும் பட்டா இல்லை.

டீச்சர் போனபிறகு
கடற்கரை வெற்றித் தூணின் பக்கம் நடந்தேன்.
இங்கேயும் கப்பல் வந்தது. டச்சுக்காரன், பீரங்கி.
துடுப்பைத் தோளில் சாத்தி வரிசையாய் நின்று
துப்பாக்கி என்று காட்டினார்களாம் எங்கள் ஆட்கள்.
இதற்கும் ஓர் ஆம்.
துறை விழுந்திருந்தால்
குளச்சலேஸ் என்ற பேரில் ஒரு சாளைக்குழம்பு
ஆம்ஸ்டர்டாமில் விற்றுக்கொண்டிருக்கும்.
விழவில்லை.

துடுப்பைத் துப்பாக்கி என்று அவன் நம்பினான், ஊர் பிழைத்தது.
பூட்டை முட்டை என்று இவர்கள் நம்புகிறார்கள்,
எனக்கு அடுப்பு அணைகிறது.

ஞாயிற்றுக்கிழமை மிக்சியைத் தெருவுக்கு இழுத்தேன்.
மாலைப் பூசை முடிந்து வந்த கூட்டம் நின்றது.
பூடு, உப்பு.
எண்ணெய் தூண்டில் நரம்பு கனத்துக்கு விழ வேண்டும்,
தடித்தால் திரிந்துவிடும்:
எண்ணெய் ஒரு பக்கம், பூடு ஒரு பக்கம்,
கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி.
நடுவில் கரண்ட் ஒருதரம் போய் வந்தது.
விரல் நடுங்கவில்லை.
பத்து வருஷம் கட்டுமரத்தில் நரம்பு விட்ட விரல்.

பழுப்பு வெளுத்தது.
வெளுத்தது தடித்தது.
கரண்டியைக் குத்தினேன், நின்றது.

ஆட்டோ அல்போன்ஸ் மட்டும் கேட்டான்,
"கைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தியோ?"
இரண்டு கையையும் அவன் மூக்குக்கு நேரே விரித்தேன்.
இரண்டடி பின்னால் போனான்.
பிறகு,
"அரைக்கோழி. சாஸ் கொஞ்சம் கூடுதலா."

அன்று நாற்பத்தொரு கோழி.
ராத்திரி சோப்பு, எலுமிச்சைத் தோல், சாம்பல்
எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் படுத்தேன்.
பிரிசில்லா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முட்டையே இருந்திருக்கலாம்," என்றாள்.